தண்ணீருக்கே 1.07 வருகிறதா? திரவ அடர்த்திச் சோதனையில் கோளாறு பிடிக்கும் வழி

தர்மபுரி மாவட்டத்து அரசுப் பள்ளி ஆய்வகங்களில் பல ஆண்டுகளாகத் திரவங்களின் அடர்த்தியை அளக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். மாணவர்கள் மாறினாலும் கோளாறுகள் மாறுவதில்லை. போன ஆண்டு பின் பெஞ்சில் வந்த அதே 1.07 இந்த ஆண்டு முன் பெஞ்சில் வரும். ஆய்வகச் சுவரில் நான் எழுதி ஒட்டியிருந்த தாள் நைந்துபோனதால் அதையே விரித்து இங்கே எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், கருவியை மாற்ற வேண்டிய காரணம் கடைசியில் வரும்.

எந்த அறிகுறியானாலும் அதற்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதே கருவியில், அதே கையால், தண்ணீரின் எடையைக் கன அளவால் வகுத்து அடர்த்தியை அளந்து பாருங்கள். 30 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.996 கிராம். 1.00 என்பது 4 டிகிரியில் உள்ள மதிப்பு. அளவு சாடியில் 0.98 முதல் 1.01 வரை வந்தால் கருவியும் கையும் சரி, கோளாறு திரவத்தில் இருக்கிறது. தண்ணீருக்கே தவறாக வந்தால் எண்ணெயையோ உப்புக்கரைசலையோ தொடவே வேண்டாம்.

அறிகுறி 1: தண்ணீருக்கு 1.03, 1.07 என்று கூடுதலாக வருகிறது

முதலில் சாடியின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

அடுத்து உள்ளே பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் துளிகள் ஒட்டியிருக்கின்றனவா? அந்தத் துளிகள் எடையில் சேரும், கன அளவில் சேராது. புனல் வைத்து ஊற்றி, கடைசி ஒன்றிரண்டு மி.லி.யைச் சொட்டுக்குழாயால் சேர்த்தால் சுவர் நனையாது.

மூன்றாவது, கண் இருக்கும் இடம். மேசைக்குக் கீழே குனிந்து அண்ணாந்து பார்க்கும் மாணவனுக்குக் கன அளவு குறைவாகத் தெரியும், அடர்த்தி கூடும். சாடியில் நடுவே குழிந்து பிறைபோல் நிற்கும் நீர்ப்பரப்புதான் பிறைத்தளம்; அதன் அடிப்பகுதியும் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். சாடியின் பின்னால் கருங்கோடு போட்ட வெள்ளை அட்டையைப் பிடித்தால் பிறை பளிச்சென்று தெரியும்.

நான்காவது, எடுத்த அளவே சிறியது. ஒரு மி.லி. பிரிவுள்ள 100 மி.லி. சாடியில் 20 மி.லி. மட்டும் எடுத்தால், வாசிப்பில் ஒரு மி.லி. பிசகினாலே 5 விழுக்காடு போய்விடும். 80 மி.லி.க்குக் குறையாமல் எடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு விடை கூடியே வந்தால் சாடியின் அளவுக்கோடுகள் மீது சந்தேகம் வர வேண்டும். பிளாஸ்டிக் சாடிகளில் கோடுகள் இடம் தவறி அச்சாகியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 100 கோடு வரை தண்ணீர் ஊற்றி நிகர எடை பாருங்கள். 99.6 கிராமுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 104 வந்தால் அந்தச் சாடியில் 100 என்று எழுதியிருக்கும் இடத்தில் உண்மையில் 104 மி.லி.க்குச் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. தூக்கி எறிய வேண்டியதில்லை. திருத்தத்தை ஒரு சீட்டில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். நம் பள்ளிகளில் ஒரு சாடி வந்து சேர எத்தனை கையெழுத்து வேண்டியிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அறிகுறி 2: தண்ணீருக்கு 0.93, 0.95 என்று குறைவாக வருகிறது

கண் மேலே இருந்தாலோ பிறையின் மேல் விளிம்பை வாசித்தாலோ கன அளவு கூடும், அடர்த்தி குறையும். இது எளிய காரணம்.

நம் பள்ளிகளில் அதிகம் நடப்பது வேறு. உயரமான சாடி தராசுத் தட்டில் நிற்காது என்பதால், சாடியில் அளந்த தண்ணீரை முகவையில் (பீக்கரில்) ஊற்றி எடை போடுகிறார்கள். சாடியின் சுவரில் ஒட்டிய தண்ணீர் அங்கேயே தங்கிவிடுகிறது. கடலை எண்ணெயில் இந்த இழப்பு இன்னும் மோசம். முகவையில் முதலிலேயே ஏராளமாகத் திரவம் எடுத்து எடை போடுங்கள். அதிலிருந்து உலர்ந்த சாடியில் ஊற்றிக் கன அளவைப் பாருங்கள். பிறகு முகவையில் மிச்சம் இருப்பதை மறுபடி எடை போடுங்கள். இரண்டு எடைகளின் வித்தியாசம்தான் சாடிக்குப் போன திரவம். முகவையில் ஒட்டியது இரண்டு எடையிலும் இருப்பதால் கெடுதல் செய்யாது.

காற்றுக்குமிழிகளையும் பாருங்கள். குழாயை வேகமாகத் திறந்து பிடித்த தண்ணீரில் சுவரெங்கும் குமிழி இருக்கும். பத்து நிமிடம் வைத்திருந்து சாடியை விரலால் தட்டினால் போதும்.

அறிகுறி 3: விடை 10 மடங்கோ 1000 மடங்கோ தப்புகிறது

அலகு. ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.91 கிராம் என்பது ஒரு கன மீட்டருக்கு 910 கிலோகிராம். வேறு எங்கும் தேட வேண்டாம்.

அறிகுறி 4: ஒவ்வொரு கன அளவுக்கும் ஒவ்வொரு அடர்த்தி வருகிறது

20 மி.லி.க்கு 1.15, 40க்கு 1.08, 100க்கு 1.03 என்று கன அளவு கூடக்கூட விடை இறங்குகிறதா? இது எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, ஏனென்றால் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். வரைபடத்தாளில் கன அளவைக் கிடை அச்சிலும், சாடியோடு சேர்ந்த மொத்த எடையைச் செங்குத்து அச்சிலும் குறியுங்கள். 20 மி.லி.க்கு 87 கிராம், 100 மி.லி.க்கு 167 கிராம் என்றால், 80 மி.லி.க்கு 80 கிராம் ஏறியிருக்கிறது. சாய்வு 1.00. தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது.

கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது எடை அச்சை 67 கிராமில் வெட்டும். காலிச் சாடியின் எடை 64 என்று எழுதியிருந்தால், அந்த 3 கிராம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ஒன்று, காலிச் சாடியை எடை போட்டபோது தராசு சுழியில் இல்லை. அல்லது சாடியின் அடிப்பக்கத்துக் கோடுகள் 3 மி.லி. இடம் பெயர்ந்திருக்கின்றன. காலிச் சாடியை மறுபடி எடை போட்டால் எது என்று தெரிந்துவிடும். எதுவாக இருந்தாலும் சாய்விலிருந்து கிடைத்த அடர்த்தியை நம்பலாம். பழுதான சாடியும் சுழிப் பிழை உள்ள தராசும் மட்டுமே இருக்கும் பள்ளியில்கூட இந்த வரைபடம் நேர்மையான விடை தரும். புள்ளிகள் கோட்டில் அமையாமல் இரு பக்கமும் சிதறினால் அது வாசிப்புப் பிழை. அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

அறிகுறி 5: மின்னணுத் தராசில் எண் நிற்காமல் ஓடுகிறது

மின்விசிறியை நிறுத்துங்கள். ஜன்னலை மூடுங்கள். மட்டக்குமிழி வட்டத்தின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துக் கால்திருகுகளைத் திருப்புங்கள். மின்கலத்தை மாற்றுங்கள், அல்லது மின்சாரத்தில் போட்டுக் கால் மணி நேரம் விட்டுவையுங்கள். தட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். விடுமுறை முடிந்து திறக்கும் ஆய்வகங்களில் எறும்புகளும் உப்புத்தூளும் அங்கே சேர்ந்திருப்பது வழக்கம்.

எண் நிற்கிறது, ஆனால் சரியா என்று தெரியவில்லை, எடைக்கற்களும் இல்லை என்றால் 10 ரூபாய் நாணயங்கள் உதவும். ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம். பத்து நாணயங்களுக்கு 77 கிராமை ஒட்டி வர வேண்டும். தட்டின் நடுவிலும் நான்கு ஓரங்களிலும் வைத்துப் பாருங்கள். ஓரத்துக்கு ஓரம் எண் மாறினாலோ, எடையை எடுத்த பிறகு சுழிக்குத் திரும்பாவிட்டாலோ உள்ளே இருக்கும் எடை உணரி வளைந்திருக்கிறது. தாங்கும் வரம்புக்கு மேல் யாராவது எதையாவது வைத்திருப்பார்கள். இதைத் திறந்து சரிசெய்ய முயல வேண்டாம். தராசு பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டிய கட்டம் இதுதான்.

பழைய இயற்பியல் தராசு வைத்திருப்பவர்களுக்கு: தூக்குக்குண்டு நேராக நிற்கிறதா, தட்டுகள் காலியாக இருக்கும்போது முள் இரு பக்கமும் சமமாக ஆடுகிறதா, எடைக்கற்கள் துருப்பிடித்திருக்கின்றனவா என்ற மூன்றையும் நீங்களே பார்க்கலாம். தராசின் தண்டைத் தாங்கும் கத்திமுனை மழுங்கியிருந்தால் அதுவும் பழுதுபார்ப்பவர் வேலை.

அறிகுறி 6: அடர்த்திக் குடுவையில் ஒவ்வொரு முறையும் வேறு விடை

துளையிட்ட மூடியுள்ள சிறு கண்ணாடிக் குடுவை இது. அளவு சாடியைவிட நுட்பமான கருவி என்பதால் சின்னப் பிசகும் இதில் பெரிதாகத் தெரியும்.

*எடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறதா?* குடுவையை உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருப்பார்கள். 25 மி.லி. மண்ணெண்ணெய் ஐந்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.1 மி.லி. மூடியின் துளை வழியாக வெளியேறிவிடும். கழுத்தை மட்டும் இரண்டு விரலால் பிடிக்க வேண்டும். துடைக்கும்போது தாள் துளையின் வாயில் பட்டாலும் உள்ளிருந்து திரவத்தை உறிஞ்சும். பக்கங்களைத் துடையுங்கள், துளையின் மீது ஒற்றாதீர்கள்.

*ஒரு குழுவுக்கு மட்டும் ஒட்டாமல் வருகிறதா?* மூடி மாறியிருக்கும். ஒவ்வொரு குடுவையும் அதன் மூடியும் சேர்த்துத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. பக்கத்து மேசை மூடி உட்காருவதுபோல் தோன்றும், ஆனால் ஆழம் வேறாக இருக்கும். குடுவைக்கும் மூடிக்கும் ஒரே எண்ணை எழுதி வையுங்கள்.

*தண்ணீர் கொண்டு ஒப்பிடாமல், கன அளவு 25 என்று நேராக எடுத்துக்கொண்டார்களா?* குடுவையில் பொறித்த 25 தோராயமானது. காலி எடை, தண்ணீரோடு எடை, திரவத்தோடு எடை மூன்றும் வேண்டும். திரவத்தின் எடையைச் சம கன அளவுத் தண்ணீரின் எடையால் வகுத்தால் ஒப்படர்த்தி வரும், குடுவையின் உண்மையான கொள்ளளவு தெரியவேண்டிய தேவையே இல்லை.

*மூடிக்கு அடியில் குமிழி நிற்கிறதா?* கழுத்து வரை நிரப்பி மூடியை மெதுவாக இறக்குங்கள். துளை வழியாகத் திரவம் பொங்கி வழிய வேண்டும். வழியவில்லை என்றால் நிரம்பவில்லை.

*உட்புறம் வெண்மையாக மங்கியிருக்கிறதா?* நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவிக் கழுவி ஏறிய சுண்ணாம்புப் படிவு. எலுமிச்சைச் சாற்றிலோ நீர்த்த புளிக்கரைசலிலோ ஓரிரவு ஊறவையுங்கள். போகவில்லை என்றால் வேதியியல் ஆசிரியரிடம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவித் தரச் சொல்லுங்கள், மாணவர் கையில் அமிலத்தைக் கொடுக்க வேண்டாம். கடைசியில் வாலைவடிநீரால் அலசுங்கள். உலர்த்துவதற்குச் சுடரில் காட்டாதீர்கள். சூட்டில் கண்ணாடியின் கொள்ளளவு மாறலாம், விரிசலும் விடும். மூடி வாயில் விரிசல் இருந்தால் புதிய குடுவைதான் வழி.

அறிகுறி 7: திரவமானி தப்பாகக் காட்டுகிறது

திரவத்தில் மிதக்கவிட்டு, எவ்வளவு மூழ்குகிறது என்பதைக் கொண்டு அடர்த்தியை வாசிக்கும் கருவி இது. சாடியின் சுவரில் சாய்ந்து நிற்கிறதா? அகலமான சாடிக்கு மாற்றுங்கள், லேசாகச் சுழற்றி விடுங்கள். அடியைத் தொடுகிறதா? திரவம் போதவில்லை, அல்லது எண்ணெய்க்குக் கனமான திரவங்களுக்கான திரவமானியைப் போட்டிருக்கிறீர்கள். 1.000க்கு மேல் மட்டும் கோடு உள்ள கருவி கடலை எண்ணெயில் மூழ்கத்தான் செய்யும். தண்டில் விரல் எண்ணெய் படிந்திருந்தால் பிறை ஒழுங்காக அமையாது. சோப்பு நீரில் கழுவி மேல்நுனியை மட்டும் பிடியுங்கள். அளவுகோல் மேலிருந்து கீழாகக் கூடும் என்பதையும், பிரிவுகளின் இடைவெளி சமமல்ல என்பதையும் மாணவருக்கு முன்கூட்டியே காட்டுங்கள். தலைகீழாக வாசிப்பவர்கள் ஆண்டுக்கு நான்கு பேராவது இருப்பார்கள்.

தண்ணீரில் போட்டால் 1.000ஐ ஒட்டிக் காட்டவில்லையா? உள்ளே இருக்கும் காகித அளவுகோல் நழுவியிருக்கலாம். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. எவ்வளவு நழுவியது என்று எழுதி வைத்து ஓராண்டு ஓட்டலாம். குமிழில் விரிசல் கண்டு உள்ளே ஈரம் போயிருந்தால் அன்றே ஒதுக்கிவிடுங்கள்.

அறிகுறி 8: பால்மானி பாலில் தண்ணீர் என்கிறது

வீட்டு மாட்டுப் பாலைக் கொண்டுவரும் பிள்ளைகள் இருக்கும் பள்ளி என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். வகுப்பின் முன்னால் ஒரு பிள்ளையின் வீட்டுப் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று கருவி சொன்னால், அந்தப் பிள்ளை தலைநிமிர முடியாது. அதனால் கருவியை முதலில் சந்தேகியுங்கள்.

நுரை அடங்கியதா? கறந்த சூட்டோடு அளந்தீர்களா? பால்மானி என்பது பாலுக்கான திரவமானி; எண் குறைந்தால் தண்ணீர் கலந்ததாகக் கொள்வார்கள். அது எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று அதன் காகிதத்தில் இருக்கும். 15.5 டிகிரிக்கு உரிய பால்மானியை 30 டிகிரி பாலில் போட்டால், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.2 வீதம், மூன்று பிரிவுகள் குறைவாகக் காட்டும். 26 என்று வந்தது உண்மையில் 29. கெட்டியான, கொழுப்பு மிகுந்த பாலும் அடர்த்தி குறைவாகவே காட்டும், ஏனெனில் கொழுப்பு தண்ணீரைவிட இலேசு. எருமைப் பாலைப் பசும்பாலோடு ஒப்பிட வேண்டாம். இதற்கு மேல் உண்மை தெரிய வேண்டுமானால், கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் அளக்கும் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொண்டுபோங்கள். பள்ளிப் பால்மானியை வைத்து யார்மீதும் குற்றம் சொல்லக்கூடாது.

அறிகுறி 9: யு வடிவக் குழாயில் எண்ணெய்க்கு 0.94, 0.96 வருகிறது

உயரத்தை மேசையிலிருந்து அளந்திருப்பார்கள். தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். அங்கிருந்து எண்ணெய்த் தம்பம் 20.0 செ.மீ., மறுகையில் தண்ணீர் 18.2 செ.மீ. என்றால் ஒப்படர்த்தி 0.91. கடலை எண்ணெய்க்கு அது சரி. அதே குழாயை மேசையிலிருந்து அளந்து இரண்டிலும் 10 செ.மீ. சேர்த்துவிட்டால் 28.2ஐ 30.0ஆல் வகுத்து 0.94 என்பார்கள். பார்வைக்கு நியாயமான எண்ணாக இருப்பதால் பலர் கண்ணில் படாமல் தப்பிவிடும்.

மட்டம் நகர்ந்துகொண்டே இருந்தால் எண்ணெய் சுவரிலிருந்து வழிந்து முடியவில்லை, பொறுங்கள். எண்ணெய்த் தம்பத்தின் நடுவே காற்று சிக்கியிருந்தால் மெல்லிய கம்பியை விட்டு எடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒன்று: மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெயை எடுக்காதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும், குழாயில் பாதி திண்மமாக நிற்கும். கடலை எண்ணெய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

உப்புக்கரைசலை யு குழாயில் தண்ணீரோடு ஊற்றினால் கலந்துபோகும். அதற்கு, இரண்டு திரவங்களையும் தனித்தனிக் குழாய்களில் உறிஞ்சி ஏற்றி உயரங்களை ஒப்பிடும் ஹேர் கருவி வேண்டும். அதில் கிளிப் போட்ட பிறகும் இரண்டு மட்டங்களும் இறங்கினால் ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறது. புதுத் துண்டு வெட்டி மாட்டுங்கள். திரவத்தை வாயால் உறிஞ்சி ஏற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள், 50 மி.லி. ஊசிக்குழல் அதே வேலையைச் செய்யும். அலமாரியில் பழைய பாதரசம் கிடந்தால் அதை எந்தக் குழாயிலும் ஊற்ற வேண்டாம். வெப்பமானி உடைந்து பாதரசம் சிதறினால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், துடைப்பத்தால் கூட்டாதீர்கள்.

அறிகுறி 10: உப்புக்கரைசல் 1.20 வர வேண்டும், 1.12 தான் வருகிறது

கருவியில் கோளாறே இல்லை. 100 மி.லி. தண்ணீரில் 20 கிராம் உப்பைப் போட்டுவிட்டு, 120 கிராமை 100ஆல் வகுத்து 1.20 வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். உப்பு கரைந்ததும் கரைசல் ஏறத்தாழ 107 மி.லி. ஆகிவிடும். 120ஐ 107ஆல் வகுத்தால் 1.12. மாணவன் அளந்தது சரி, ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதுதான் தவறு. நானே முதல் இரண்டு ஆண்டுகள் சரியான விடை எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். இன்றும் அது மனத்தை அறுக்கிறது. 1.20 வேண்டுமென்றால் இனி கரையாது என்னும் அளவுக்கு, 100 கிராம் தண்ணீருக்கு 36 கிராம் வரை, உப்பு கரைக்க வேண்டும்.

அறிகுறி 11: “ஐயா, எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு, அதனால்தான் கூடுகிறது”

தண்ணீருக்கு 1.05 வந்தால் பென்னாகரம், காரிமங்கலம் பிள்ளைகள் உடனே சொல்லும் காரணம் இது. இங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் புளோரைடு லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். எல்லா உப்பும் சேர்ந்து லிட்டருக்கு 2 கிராம் இருந்தால்கூட அடர்த்தி 0.0015 அளவுக்குத்தான் கூடும், அளவு சாடி அதைக் காணவே காணாது. பற்களையும் எலும்பையும் கெடுக்கும் ஒன்று தராசில் தெரியாது என்பதை அந்தப் பிள்ளைகளிடம் அப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு சாடியின் வெளிப்புறத்தைத் துடைக்கச் சொல்கிறேன்.

அறிகுறி 12: எல்லாக் குழுவுக்கும் ஒரே விடை, அதுவும் புத்தகத்தில் உள்ள விடை

இதுதான் இருப்பதிலேயே மோசமான கோளாறு. எட்டுக் குழுவும் 1.000 என்று எழுதியிருந்தால் ஒருவரும் அளக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. 0.97 எழுதியவனுக்குச் சிவப்பு மை, 1.00 எழுதியவனுக்குச் சரி என்றால் யார் 0.97 எழுதுவார்கள்?

பதிவேட்டில் அடித்து எழுதிய எடைகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடித்தல் திருத்தல் இல்லாத பதிவேட்டைவிட அடித்து எழுதியது நம்பத்தக்கது. வாசிப்புகளை மையால், எடுத்த அந்த நிமிடமே எழுதச் சொல்லுங்கள். விடைக்குப் பாதி மதிப்பெண்ணும், விடை ஏன் பிசகியது என்று கண்டுபிடித்ததற்கு மீதியும் கொடுங்கள். அதற்கும் பலன் இல்லை என்றால் நான் செய்வதைச் செய்யலாம். முந்தின நாள் மாலையே எட்டுக் குப்பிகளில் எட்டு விதமாக உப்பு கரைத்து, குப்பிக்கு எண் மட்டும் ஒட்டி, எந்த எண்ணில் எத்தனை கிராம் என்பதை ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டிவிடுகிறேன். மறுநாள் மணியடிக்கும்போது எட்டு மேசையிலும் எட்டு விடைகள் இருக்கும். நோட்டைத் திறக்கும் முன்பே எல்லாப் பிள்ளைகளும் அலமாரியைச் சுற்றி வந்து நிற்பார்கள்.